கேஸ் பிரஷர் சென்சார்: உடனே மாற்றுவதா, அளந்து பார்ப்பதா, பெட்ரோலில் ஓட்டுவதா?

பாலக்காடு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் சிஎன்ஜி வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "செக் இன்ஜின் லைட் எரியுதுங்க. ஸ்கேனர் போட்டா பிரஷர் சென்சார்னு காட்டுது. மாத்திடலாமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். சென்சார் சில ஆயிரம் ரூபாய் பொருள். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இளநீரும் காய்கறியும் ஏற்றி வாடகைக்கு ஓடுகிற ஒருவர் அந்தச் சில ஆயிரத்தைத் தவறான இடத்தில் போட்டுவிட்டு, அடுத்த வாரமே அதே லைட்டோடு திரும்பி வருவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அதைத் தவிர்க்க முடியும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். "பிரஷர் சென்சார்" என்று பொதுவாகச் சொன்னாலும் வண்டியில் இரண்டு இடங்களில் அழுத்தம் அளக்கப்படுகிறது. ஒன்று, சிலிண்டரிலிருந்து அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வரை உள்ள உயர் அழுத்தப் பக்கம். டாங்க் முழுக்க நிரப்பினால் அங்கே 200 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்கும். மற்றொன்று, ரெகுலேட்டரைத் தாண்டி, இன்ஜெக்டர்களுக்குக் கேஸைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான இன்ஜெக்டர் ரெயில் இருக்கும் தாழ் அழுத்தப் பக்கம். வெளியில் பொருத்திய செக்வென்ஷியல் (இன்ஜெக்டர் வழியே வரிசையாகக் கேஸ் கொடுக்கும்) கிட்களில் அங்கே ஏறத்தாழ 2 பார்தான். கம்பெனி ஃபிட்டிங் வண்டிகளில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

எது கெட்டது என்பதைப் பொறுத்து அறிகுறியும் மாறும். உயர் அழுத்தப் பக்கம் தப்பாகக் காட்டினால் கேஸ் அளவு காட்டும் விளக்குகள்தான் பொய் சொல்லும். பல கிட்களில் வண்டி வழக்கம்போல ஓடும். சில கம்பெனி வண்டிகள் மட்டும் டாங்க் காலி என்று நம்பி கேஸுக்கு மாறவே மறுக்கும். தாழ் அழுத்தப் பக்கம் அப்படியல்ல. இன்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறக்க வேண்டும் என்பதை இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அந்த அளவை வைத்தே கணக்குப் போடுகிறது. உண்மையைவிடக் குறைவாகக் காட்டினால் கேஸ் அதிகமாகப் பாய்ந்து மைலேஜ் விழும். கூடுதலாகக் காட்டினால் கேஸ் பற்றாமல், லோடு ஏற்றி மேடு ஏறும்போது வண்டி திக்கித் திணறும். ஆகவே லைட் எரிகிறதா என்பதோடு வண்டி எப்படி ஓடுகிறது என்பதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும்.

சரி, இப்போது வழிகளைப் பார்ப்போம்.

நேரே புது சென்சார் போடுவது

நேரம் மிச்சம் என்பதுதான் இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம். சில சமயம் அது நியாயமும்கூட. சென்சார் உடைந்திருக்கிறது, அதன் உடம்பிலிருந்தே கேஸ் கசிகிறது, கப்ளர் (வயர் இணைப்பு) பின் உருகியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் அளப்பதற்கு ஒன்றுமில்லை, மாற்றிவிடலாம். கசிவு என்றால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்திவிட்டுத்தான் அடுத்த வேலை.

மற்ற நேரங்களில் இது குருட்டாம்போக்கு. அதுவும் உயர் அழுத்தப் பக்கத்து சென்சாரைக் கழற்றுவது லேசான காரியமில்லை. வால்வை மூடி, பைப்பில் உள்ள கேஸ் தீரும்வரை இன்ஜினை ஓட்டி, அழுத்தம் இறங்கியதை உறுதி செய்த பிறகே ஸ்பேனர் வைக்க வேண்டும். புது வாஷர் போட்டு, சரியான இறுக்கத்தில் பூட்டி, சோப்புத் தண்ணீர் தடவி கசிவு பார்க்க வேண்டும். இதை கேஸ் கிட் வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். சந்தேகத்தின் பேரில் 200 பார் பைப்பைத் திறப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

ஸ்கேனர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வது

ஸ்கேனர் தேவைதான். ஆனால் அது காட்டும் கோடு (பழுதுக் குறியீடு) பழுதான பொருளின் பெயர் அல்ல. பி0190 என்றால் ரெயில் அழுத்த சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு. பி0191 என்றால் அளவு பொருத்தமாக இல்லை. பி0192 சிக்னல் வோல்டேஜ் மிகக் குறைவு, பி0193 மிக அதிகம், பி0194 விட்டு விட்டு வருகிறது. சர்க்யூட் என்பதில் சென்சார், மூன்று வயர், கப்ளர், இசியு எல்லாம் அடக்கம். இந்த வரிசையில் சென்சார் மட்டுமே குற்றவாளி என்று எந்தக் கோடும் சொல்வதில்லை.

பி0087 என்று வந்தால் இன்னும் கவனம் தேவை. அழுத்தம் உண்மையிலேயே குறைகிறது என்று சென்சார் புகார் சொல்கிறது. அந்தப் புகார் சரியாகவும் இருக்கலாம். ஃபில்டர் அடைத்திருக்கலாம், ரெகுலேட்டர் தளர்ந்திருக்கலாம், மின்சாரத்தால் திறக்கும் சொலினாய்டு வால்வு முழுசாகத் திறக்காமல் இருக்கலாம். டாங்கில் 20 பாருக்குக் கீழே போயிருந்தாலும் இந்தக் கோடு வரக்கூடும். அப்போது சென்சாரை மாற்றினால் நல்ல சென்சார் போய் இன்னொரு நல்ல சென்சார் வரும், அவ்வளவுதான்.

இந்தப் பழுதுக் குறியீட்டைவிட ஸ்கேனரில் ஓடும் நேரடி அளவு பல மடங்கு பயனுள்ளது. ஒரு வரம்பு உண்டு. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டர் எல்லா வண்டியிலும் கேஸ் அழுத்தத்தைக் காட்டாது. பின்னால் பொருத்திய கிட் என்றால், லொவாட்டோ, லாண்டி ரென்ஸோ, டொமாசெட்டோ என்று எதுவானாலும், அதற்கு உரிய சாஃப்ட்வேரும் கேபிளும் உள்ள ஆளிடம்தான் போக வேண்டும்.

மீட்டர் வைத்து அளப்பது

இதுதான் என் தேர்வு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான அழுத்த சென்சார்களில் மூன்று வயர் இருக்கும். ஒன்றில் இசியு 5 வோல்ட் கொடுக்கும், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். அழுத்தமே இல்லாதபோது சிக்னல் 0.5 வோல்ட், சென்சாரின் உச்ச அளவில் 4.5 வோல்ட், இடையில் நேர்கோடாக ஏறும். 260 பார் வரை அளக்கும் சென்சார் என்று வைத்துக்கொள்வோம். 50 பாரில் ஏறத்தாழ 1.27 வோல்ட், 100 பாரில் 2.04, 200 பாரில் 3.58 வர வேண்டும். உங்கள் சென்சாரின் உச்ச அளவு பெரும்பாலும் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். அதைக் கொண்டு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சில வெளிக் கிட்களில் முள் மீட்டரோடு சேர்ந்த வேறு வகை இருக்கும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முள்ளையும் விளக்கையும் ஒப்பிட்டாலே அங்கே விஷயம் தெரிந்துவிடும்.

அளக்கும்போது சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள். முதலில் 5 வோல்ட் வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவே பாருங்கள். 5 வோல்ட்டை ஒட்டி இல்லை என்றால் சென்சாரை நொந்து பயனில்லை. பல வண்டிகளில் ஒரே 5 வோல்ட் லைனில் வேறு சென்சார்களும் தொங்கும். அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாமே கீழே இழுபடும். ஒவ்வொன்றாகக் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஆள்.

அடுத்தது எர்த். சென்சாரின் எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. எர்த் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு அருகில் போய் ஒட்டிக்கொள்ளும், ஸ்கேனரில் பி0193 வரும், சென்சார்மேல் பழி விழும். சிக்னல் உச்சத்தில் நிற்கிறது என்றால் எர்த்தைப் பார்க்காமல் சென்சாருக்கு ஆர்டர் போடாதீர்கள்.

மூன்றாவதாகத்தான் சிக்னல். கப்ளர் மாட்டியபடியே பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து அளக்க வேண்டும். வயரின் மேலுறையைக் குத்தி அளக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஜூன் பிறந்ததும் வாளையார் கணவாய் வழியாக வரும் சாரலில் அந்த ஓட்டைக்குள் தண்ணீர் இறங்கி, உள்ளே செம்பு பச்சை பூத்து, இன்றைய சோதனையே நாளைய கோளாறாகிவிடும். சிக்னலைப் பார்த்துக்கொண்டே வயரிங்கை மெதுவாக அசையுங்கள். எண் குதித்தால் கப்ளரிலோ வயரிலோதான் விஷயம். நெல் வயலை ஒட்டி வண்டி நிறுத்துபவர்கள் எலிக்கடியையும் தேடிப் பாருங்கள். சித்தூர் தாலுகா பக்கம் இது சகஜம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சிலிண்டரில் இருக்கும் கேஸ் ஒரு நொடியில் 180 பாரிலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்து, அடுத்த நொடியே 180-க்கு ஏற முடியாது. மீட்டரோ ஸ்கேனரோ அப்படிக் காட்டினால் அது மின்சாரக் கோளாறு, கேஸ் கோளாறு அல்ல. மாறாக, ஐடிலில் சரியாக இருந்து, மூன்றாம் கியரில் லோடோடு மிதிக்கும்போது மட்டும் மெல்ல இறங்கினால் சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. அப்போது ஃபில்டர், ரெகுலேட்டர், சொலினாய்டு பக்கம் போங்கள். பங்க் கம்ப்ரெஸரிலிருந்து கேஸோடு வரும் எண்ணெய் ஃபில்டரில் படிவது வழக்கமான விஷயம். அது சென்சாரின் சிறு துளையிலும் படிந்து அதை மந்தமாக்கலாம்.

5 வோல்ட்டும் எர்த்தும் வயரிங்கும் சரி, சிக்னல் மட்டும் முள் மீட்டரோடு ஒத்துப்போகவில்லை என்றால், இப்போது தைரியமாக சென்சாரை மாற்றலாம்.

தெரிந்த வண்டியின் சென்சாரை மாட்டிப் பார்ப்பது

தாழ் அழுத்தப் பக்கத்துக்கு இது நல்ல வழி. அதே மாடல், அதே பார்ட் நம்பர் என்றால் கால் மணி நேர வேலைதான். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வண்டி வைத்திருக்கும் வீடுகளில் தாராளமாகச் செய்யலாம். அங்கும் வால்வை மூடி ரெயிலில் அழுத்தத்தை இறக்கிய பிறகுதான். உயர் அழுத்தப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். சோதனைக்காக இரண்டு வண்டியின் பைப்பைத் திறப்பது தேவையில்லாத ஆபத்து. கிட் வேறு கம்பெனி என்றால், வெளித்தோற்றம் ஒரேமாதிரி இருந்தாலும் உள்ளே அளவு வேறாக இருக்கும்.

பெட்ரோலில் ஓட்டிக்கொண்டு தள்ளிப்போடுவது

காரில் முழு பெட்ரோல் டாங்க் இருந்தால் இது நியாயமான வழி. வாரத்துக்கு இரண்டு முறை பொள்ளாச்சி போய் வருகிறவருக்கு நல்ல ஆள் கிடைக்கும்வரை பெட்ரோலில் ஓட்டுவதால் கெடுதல் இல்லை. செலவுதான் கூடும். ஆனால் சரக்கு ஆட்டோவிலும் சிறு லோடு வண்டியிலும் இருக்கும் சின்ன பெட்ரோல் டாங்க், கேஸ் தீர்ந்தால் பங்க் வரை ஊர்ந்து போவதற்குத் தரப்பட்டது. அதை நம்பி வாடகை எடுக்க வேண்டாம்.

கேஸிலேயே திக்கலோடு ஓட்டுவதை மட்டும் எந்த வண்டிக்கும் சொல்ல மாட்டேன். கேஸ் பற்றாத கலவையில் மிஸ்ஸிங் ஆகும்போது எரியாத கேஸ் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். அதன் விலைக்கு முன்னால் சென்சார் விலை ஒன்றுமே இல்லை.

நம் பக்கத்தில் சென்சார்மேல் வீண் பழி விழும் இடங்கள்

முதலாவது, கேஸ் நிரப்பியதும் அளவு இறங்குவது. வேகமாக நிரப்பும்போது சிலிண்டருக்குள் கேஸ் சூடாகிறது. சித்திரை வெயிலில் கோயம்புத்தூரில் 200 பார் வரை அடித்து, இருட்டிய பிறகு வீட்டில் பார்த்தால் அழுத்தம் இறங்கியிருக்கும். 20 டிகிரி ஆறினால் 15, 20 பார் வரை குறையலாம். கேஸ் எங்கும் போகவில்லை, சென்சாரும் கெடவில்லை. நிரப்பிச் சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தால்தான் ஒப்பீடு சரியாக இருக்கும்.

இரண்டாவது, முழுசாக நிரம்பாமல் வருவது. குழாய் நேரடியாக வராத பங்குகளுக்கு லாரியில் சிலிண்டர் அடுக்குகளாகக் கேஸ் வருகிறது. அந்த அடுக்கு தீரும் நேரத்தில் போனால் 150-லேயே நின்றுவிடலாம். பங்க் மெஷினில் காட்டும் கடைசி அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இது செலவில்லாமல் கிடைக்கும் ஒப்பீட்டு அளவு. சென்சார் சரியா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

மூன்றாவது, மலை. நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்கோ, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கோ லோடு ஏற்றிப் போகிறவர்களுக்கு இது முக்கியம். 200 பாரிலிருந்து 2 பாருக்கு இறங்கும்போது கேஸ் கடுமையாகக் குளிரும். அதனால்தான் ரெகுலேட்டருக்குள் இன்ஜின் கூலன்ட் ஓடுகிறது. கூலன்ட் குறைந்தாலோ அந்த ஹோஸ் அடைத்தாலோ, ஏற்றத்தில் கேஸ் தேவை கூடும்போது ரெகுலேட்டர் உறைந்து ரெயில் அழுத்தம் விழும். கீழே இறங்கி நின்றதும் எல்லாம் சரியாகிவிடும். ரெகுலேட்டர் வெளியே வேர்த்தோ பனி பூத்தோ இருந்தால் கூலன்ட்டைப் பாருங்கள். அதோடு, பல கிட்களில் கேஸ் அழுத்தமும் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) வெற்றிடமும் ஒரே சென்சாரில் அளக்கப்படும். இன்ஜின் ஓடாதபோது மேனிஃபோல்டு அளவு சமவெளியில் 1 பாரை ஒட்டி இருக்க வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் அதுவே 0.9 பாருக்கு அருகில் காட்டும். மலைமேல் நின்று அளந்துவிட்டு சென்சார் குறைவாகக் காட்டுகிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

யாரிடம் கொண்டுபோவது

வாரண்டி உள்ள வண்டி என்றால் பேச்சே இல்லை, கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். பாலக்காடு போகலாம், கோயம்புத்தூர் போகலாம், வாரண்டிக்கு மாநில எல்லை தடையில்லை. வெளியில் வயரை வெட்டி ஒட்டினால் அந்த உரிமை போய்விடும். ஆனால் அங்கே கேளுங்கள்: "அளந்து பாத்தீங்களா, எவ்வளவு வோல்ட் இருந்துச்சு?" எண்ணைச் சொல்ல முடியாமல் பொருளை மாற்றச் சொன்னால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு தடவை யோசியுங்கள்.

பின்னால் பொருத்திய கிட் என்றால் கிட் போட்டவரிடம்தான் சாஃப்ட்வேர் இருக்கும். ஊரில் உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் வயர், எர்த், கப்ளர் வேலைக்குக் கிட்காரரைவிடச் சிறந்தவர் என்பது என் அனுபவம். ஆகவே முதலில் அவரிடம் மூன்று அளவையும் எடுத்துக்கொண்டு, தாளில் எழுதி, பிறகு கிட்காரரிடம் போவது நல்லது. எண்களோடு போகிறவரிடம் யாரும் சுற்றி வளைத்துப் பேச மாட்டார்கள்.

ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தத்தில் சிலிண்டரின் உறுதியைப் பார்க்கும் சோதனை) தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிஎன்ஜி சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அது கட்டாயம். தேதி தாண்டினால் பங்கில் கேஸ் அடிக்க மாட்டார்கள். அந்தச் சோதனைக்கு எப்படியும் கேஸைக் காலி செய்து சிலிண்டரை இறக்க வேண்டும். ஆகவே உயர் அழுத்த சென்சார்தான் கெட்டது என்று அளவு சொல்லி, வண்டியும் ஓட்டத்தில் தொந்தரவு தரவில்லை, டெஸ்டுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால், பங்க் மெஷின் அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் வைத்து அதுவரை சமாளித்து, இரண்டு வேலையையும் ஒன்றாக முடியுங்கள். தாழ் அழுத்த சென்சாருக்கு இந்தத் தள்ளிப்போடல் பொருந்தாது.

மாற்றியாகிவிட்டதா? கசிவு பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழிக்கச் சொல்லுங்கள். பழைய சென்சாரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டாங்கை நிரப்பி ஆறவிட்டுப் புது சென்சாரின் அளவைக் குறித்து வைத்துக்கொண்டு, லோடோடு ஒரு மேடு ஏறிப் பாருங்கள். லைட் வரவில்லை, ரெயில் அழுத்தமும் தாங்குகிறது என்றால் அடுத்த வாடகைக்குப் போகலாம்.